லாட்ஜ் பாத்ரூமில் பிலிம் கழுவப் போய்

இன்னைக்கு மதுரையில என்னால ஒரு லாட்ஜே கலங்கிப்போச்சு.

காலையில சமயநல்லூர்ல நண்பன் மகளுக்குக் காதுகுத்து. பிலிம் கேமராவுல ஒரே ஒரு ரோல் எடுத்தேன். ஊருக்குப் போற வரைக்கும் பொறுமை இல்ல. ரூம் பாத்ரூம்லயே கழுவிரலாம்னு லைட்டை அணைச்சு, ஜன்னலைக் கருப்புத் துணியால மூடி, கதவிடுக்குல துண்டைத் திணிச்சேன். இருட்டுல பிலிமைச் சுத்தி, வெளிச்சம் புகாத டப்பாவுக்குள்ள வச்சு மூடிட்டா போதும், அப்புறம் லைட்டைப் போட்டுக்கலாம்.

பாதியில பிலிம் சிக்கிக்கிச்சு.

அந்த நேரம் ரூமுக்குள்ள பெட்ஷீட் மாத்த வந்த அக்கா பாத்ரூம் கதவத் தட்டுனாங்க. "தம்பி, லைட்டப் போடாம உள்ள என்ன பண்றீக?"

சிக்கலை எடுக்கிற மும்முரத்துல நான் பதிலே சொல்லல.

"அண்ணே, ஓடி வாங்க! இடுக்குல துணிய அடைச்சு வச்சிருக்கு!"

மேனேஜர் வந்து கதவ இடிச்சார். "தொறங்க, இல்லாட்டி ஒடச்சிருவோம்!"

"தொறந்தா படம் போயிரும் சார்! பிலிம் கழுவுறேன்!"

அக்கா குரல் கதவுக்கு ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு. "சரி தம்பி. முடிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தக் கூடாது."

காதுகுத்துச் சாப்பாட்டுல என்னென்ன போட்டாங்கன்னு கத்திச் சொல்லிக்கிட்டே சுத்தி முடிச்சேன். கையில அம்புட்டு வேர்வை.

கதவத் தொறந்ததும் அக்கா என் ரெண்டு கையையும் பிடிச்சுத் திருப்பி, மணிக்கட்டுல வெட்டு ஏதும் இருக்கான்னு பாத்தாங்க. அப்படியே கட்டில்ல உக்காந்து அழுதுட்டாங்க.

இப்ப பிலிம் கொடியில காயுது. படமெல்லாம் தப்பிச்சிருச்சு. ரூம் கதவ மட்டும் நான் இனி தாழ் போடக் கூடாதாம்.

போற ஊர்ல பிலிம் கழுவுற மக்களே, நீங்கல்லாம் லாட்ஜ்ல என்னன்னு சொல்லிட்டு உள்ள போறீங்க?