அட்டையில் வரைந்த ஆட்டின் இரண்டு

மாரடைப்பில் போன கட்டிங் மாஸ்டரின் நாற்காலியில், இரண்டு மாதம் கழித்து, அவர் மனைவி உட்கார்ந்தாள். அதே தொழிற்சாலையில் இப்போது இஸ்திரி போடுகிறாள். மதிய இடைவேளைச் சீட்டாட்டத்துக்கு ஆள் குறைந்ததால் அவளைக் கூப்பிட்டார்கள். கணவனோடு பேச்சு வார்த்தையே இல்லாமல் போன அந்தக் கடைசி வாரம் அவளை விடாமல் துரத்தியது. கோபத்தோடேயே போய்விட்டாரா?

எதிரே மெக்கானிக். பதினெட்டு வருடம் அவள் கணவருக்கு ஜோடியாக ஆடியவர்.

"ஜோடியோட பேசக் கூடாது தங்கச்சி. சீட்டுதான் பேசணும். நான் ஆட்டின்ல சின்னதை இறக்கினா, பெரிசு என் கையில இருக்குன்னு அர்த்தம். நீயும் ஆட்டினையே திருப்பி இறக்கணும்."

"பேசாம இருக்கறதுல உங்க ஜோடியை மிஞ்ச ஆளே இல்லைண்ணே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு வந்த சீட்டுகளில் ஒன்று வெறும் அட்டைத் துண்டு. பேனாவால் ஆட்டினுக்குரிய சிவப்பு இதயமும் இரண்டு என்ற எண்ணும் வரைந்திருந்தது.

"நிஜச் சீட்டு எங்கேண்ணே?"

"உன் வீட்டுக்காரன்தான் எடுத்துட்டுப் போனான், சாகறதுக்கு முந்தின நாள். எதுக்குடான்னு கேட்டா சிரிக்கிறான்."

அவள் அட்டைத் துண்டை மறுபடி பார்த்தாள். ஆட்டினில் ஆகச் சின்னது. இறந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்புமுன் அவர் அந்த நிஜச் சீட்டை அவள் தலையணைமேல் வைத்திருந்தார். சீட்டுப் பைத்தியம் என்று அவர் முதுகுக்குப் பின்னாலேயே அதை வீசியெறிந்தவள் அவள்.

"இறக்கும்மா, உன் முறை."

ஆட்டின் ராணியை மேசையில் வைத்தாள்.

"லேட்டாயிடுச்சுங்க," என்றாள், கையிலிருந்த அட்டைத் துண்டைப் பார்த்து.

"யாரும்மா அவசரப்படுத்தினது?" என்றார் மெக்கானிக்.