கொத்துக்கடை ஒழுங்கையில் அக்காவின் அறை

எங்கள் வீட்டில் கருவாட்டுக்கு மணம் உண்டென்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மன்னாரில் கீரிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மூக்குக்கு அது வெறும் காற்று. முற்றத்தில் கட்டா மீன் காயும், பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஆகவே அம்மா அக்காவுக்கென்று கட்டாக் கருவாட்டை மூன்று சொப்பிங் பைகளில் சுற்றி, மேலே ஒரு துவாயையும் போட்டு என் பள்ளிக்கூடப் பைக்குள் அடைத்தபோது, அதால் அக்காவின் படிப்பே ஆட்டங்காணப் போகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது நாலாம் ஆண்டு. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அக்கா யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மூன்று மாதம். அம்மா அரைமனதாகத்தான் அனுப்பியிருந்தார். அதற்குள் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வரும்போது யாரோ ஒரு புண்ணியவதி, கம்பஸ் அடியில் இரவு பத்து மணிக்கும் பெட்டையள் கடைகடையாகத் திரிகிறார்களாம் என்று அம்மாவின் காதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. ஒரே ஆறுதல் அக்கா வாடகைக்கு இருந்த வீடு. சைவக்காரர் வீடு, வயதான பெண் ஒருவர் தனியே இருக்கிறார், எட்டு மணிக்கெல்லாம் கேற்றைப் பூட்டிவிடுவார் என்று அக்கா சொல்லியிருந்தாள்.

“அந்த வீடு இருக்கும்வரைக்கும்தான் படிப்பு. அது இல்லையெண்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு வரட்டும்” என்று அம்மா அப்பாவிடம் முடிவாகச் சொன்னார். விடுமுறைக்கு அப்பாவும் நானும் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டபோது, என்னைத் தனியே கூப்பிட்டு, எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துவந்து தனக்குச் சொல்லவேண்டும் என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பூநகரிப் பாலம் வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கப் பழகிக்கொண்டே போனேன்.

நாங்கள் போன நேரம் அக்கா விரிவுரையில் இருந்தாள். வீட்டுக்கார அன்ரிதான் எங்களை விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். கதைத்துக்கொண்டிருந்தவர் இடையில் நிறுத்தி மூக்கைச் சுருக்கினார்.

“எலி கிலி செத்துப்போச்சோ தெரியேல்லை” என்றார்.

அப்பாவுக்கு உதவி செய்யாமல் இருக்க முடியாது. உடனே எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். விறாந்தை அலுமாரியைத் தனியாளாக இழுத்தார். நான் குப்புறப் படுத்துக் கதிரைகளுக்குக் கீழே பார்த்தேன். அன்ரி விளக்குமாற்றால் மூலையெல்லாம் குத்தினார். பைக்குக் கிட்டப் போகப் போக அவருக்கு மணம் கூடியது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் மணக்கவில்லை. “இஞ்சாலப் பக்கம் ஒண்டும் இல்லையே” என்று அப்பா அந்தப் பையைத் தூக்கி அங்கால் வைத்துவிட்டு அதன் கீழும் தேடினார் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அக்கா கேற்றடிக்கு வந்ததுமே விளங்கிக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

“அன்ரி, எலி இல்லை. எங்கட கருவாடு.”

அன்ரி விளக்குமாற்றைச் சுவரோடு சாத்தினார். உள்ளே சாமியறை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். “வீட்டுக்குள்ள இது வேண்டாமெண்டு முதல் நாளே சொன்னனான் எல்லோ, பிள்ளை” என்றார். சத்தம் போட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. அப்பா மடித்துக்கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, “தெரியாமச் செய்திட்டம், குறை நினைக்காதேங்கோ” என்று நின்றார். “இப்ப ஒண்டும் வேண்டாம், பிறகு கதைப்பம்” என்று அன்ரி உள்ளே போய்விட்டார்.

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எங்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒழுங்கை முடியும் இடத்தில் அவளுக்கு அழுகை முட்டிவிட்டது. “அறை போச்சுதெண்டா அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போயிடுவா அப்பா. நான் படிக்கவேணும்.”  எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அடுத்த நிமிடமே அவளை மறந்துபோனேன். பெரிய றோட்டில் லைற் எல்லாம் போட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஏழரை மணிக்கு நாய்களும் கடலும்தான் விழித்திருக்கும். இங்கே அந்த நேரத்தில்தான் பொழுதே விடிந்தமாதிரி இருந்தது. போட்டோக்கொப்பிக் கடைகளில் கட்டுக்கட்டாகக் கடதாசியோடு பெடியளும் பெட்டையளும் வரிசையில் நின்றார்கள். பழ யூஸ் கடையில் மிக்சி சுற்றிக்கொண்டே இருந்தது. மதில்களில் ‘அறை வாடகைக்கு, பெண்பிள்ளைகள் மட்டும்’ என்று ஒட்டியிருந்தது. போனுக்கு றீலோட் போடும் கடை, சலூன், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடை எல்லாம் திறந்து கிடந்தன. சைக்கிளில் போகும் பெட்டையள் அக்காவுக்குக் கைகாட்டினார்கள். எல்லாவற்றையும் அம்மாவுக்காக மனதில் எழுதிக்கொண்டேன். அக்கா ஐஸ்கிறீம் வாங்கித் தந்த பிறகு பாதியை அழித்தும்விட்டேன்.

கொத்துக்கடைக்குள் அக்கா நுழைந்ததும், தகட்டில் ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, “மன்னார், சாமான் வந்திட்டுதோ?” என்றார். அவருடைய காசு லாச்சிக்கு மேலே ஒரு தட்டு. அதில் போத்தல்களும் பொட்டலங்களும், ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டு: மூதூர், வாகரை, முல்லைத்தீவு. சைவ வீடுகளில் அறை எடுத்த பிள்ளைகள் எல்லோரும் தங்கள் ஊர்க் கருவாட்டையும் இறால் சம்பலையும் அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார்கள். கேட்டால் அவர் பொரித்துக் கொடுப்பார். மன்னாருக்கும் ஏற்கெனவே ஒரு வெறும் போத்தல் இருந்தது. அப்பா அந்தப் போத்தலையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். மீன் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத பிள்ளை அவள்.

“ஒவ்வொரு நாளும் இஞ்ச வாறனியோ?” என்று கேட்டார்.

“ஓம் அப்பா. ஒன்பது மணிக்குத்தான் கொஞ்சம் சனம் குறையும்.”

எட்டு மணிக்குப் பூட்டும் கேற்றுக்குள் ஒன்பது மணிக்கு எப்படிப் போகிறாள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பொரித்த கட்டாவோடு கொத்து வந்துவிட்டது. நான் வாயைக் கொத்துக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா தண்ணி மட்டும் குடித்தார்.

திரும்பிப் போகும்போது பத்து மணி. ஒழுங்கையில் எல்லா வீடும் இருட்டு, அந்த ஒரு வீட்டைத் தவிர. கேற் அகலத் திறந்து கிடந்தது. விறாந்தை லைற்றுக்குக் கீழே அன்ரி கதிரையில் இருந்தார். அப்பா வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பைத் தொடங்க முன்னம் நான் முந்திக்கொண்டேன்.

“அன்ரி, கேற் பூட்டேல்லையோ?”

அக்கா என் கையில் நுள்ளினாள். அன்ரி சிரித்தார்.

“நான் கேற் பூட்டுறேல்லை, பிள்ளை. என்ர மகனும் அந்தக் கொத்துக்கடையிலதான் மீன் சாப்பிட்டுட்டு வருவான். அம்மாக்குத் தெரியாதெண்டு அவருக்கு நினைப்பு. நானும் தெரியாதமாதிரி இருந்திடுவன்.” கொஞ்ச நேரம் ஒழுங்கையைப் பார்த்தார். “கடைசிச் சண்டைக்குள்ள வன்னிக்குப் போனவன். இன்னும் வரேல்லை. வாற நேரத்தில கேற் பூட்டியிருந்தா, திரும்பிப் போயிடுவான் எல்லோ.”



“அவன்ர அறையிலதான் உன்ர அக்கா இருக்கிறா” என்று எனக்குச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தார். “அவன் வந்தா அறையை அவனுக்குக் குடுக்கவேணும், தம்பி. அதுவரைக்கும் பிள்ளை இருக்கட்டும். கருவாடு மட்டும் உள்ளுக்கு வேண்டாம்.”

அப்பா கைகூப்பினார். கடலில் எத்தனையோ பார்த்த மனிதர், அன்றைக்கு விறாந்தையில் படுத்தவர் விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தார். அறைக்குள் எனக்கு ஒரே கோபம். இவ்வளவு நாளாகத் தாயிடம் சொல்லாமல் ஊர்சுற்றுகிற அந்த அண்ணாவுக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊருக்கு வந்ததும் அம்மா என்னை விசாரிக்க முதலே அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடையையும் சொன்னார், கேற்றையும் சொன்னார். அம்மா கத்துவார் என்று நான் கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா, “பிள்ளை அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

அன்று இரவு செபமாலை முடிந்து ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்லும்போது அம்மா, “அந்த அன்ரியின்ர மகன் கெதியா வீட்டை வந்து சேரவேணும், மாதாவே” என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அப்பா ஆமென் என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த அம்மாவுக்கு மூளையே இல்லையா? அவன் வந்தால் அறை போய்விடும், அறை போனால் அக்காவின் படிப்புப் போய்விடும். முழங்காலில் நின்றபடியே அவசரமாக மனதுக்குள் என் மன்றாட்டைச் சொன்னேன்: “மாதாவே, அம்மா சொல்லுறதைக் கேக்காதேங்கோ. அக்கா படிச்சு முடிக்குமட்டும் அந்த அண்ணா வரவேண்டாம்.”

ஒரு இரவும் தவறவிடாமல் சொன்னேன். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் சொன்னேன். அடுத்த வருட விடுமுறைக்குப் போனபோது கேற் திறந்துதான் கிடந்தது, அக்கா அதே அறையில்தான் இருந்தாள். மாதா அம்மாவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டிருக்கிறார்! சந்தோசம் தாங்காமல் ஓடிப்போய் அன்ரியின் மடியில் ஏறி இருந்துகொண்டேன்.