வாயை மூடிச் சிரிக்கச் சொன்ன கேம்ப்

செல்வராணி அக்கா போய்விட்டார். இன்று காலை, கண்டி ஆஸ்பத்திரியில். வாய்ப் புற்றுநோய்...

நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காமராவில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமாரின் பிள்ளைகளை நாங்கள் இருவரும்தான் பார்த்துக்கொள்வோம்.

அக்கா சிரித்தால் தொட்டிலில் தூங்குகிற பிள்ளை எழும்பிவிடும். வெற்றிலைக் கறைப் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. "சத்தம் போடாதீங்கக்கா" என்றால் இன்னும் கூடும்.

ஒருநாள் வாய்க்குள் புண் ஆறவில்லை என்றார். கராம்பு வைத்துப் பார்த்தார், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். "பல்லு கேம்ப் போடுறாங்களாமே, அதுல காட்டிக்கலாம் புள்ள" என்று காத்திருந்தார்.

கேம்ப்பும் வந்தது. கொழும்பிலிருந்து ஒரு சங்கம். பேனர் என்ன, தொப்பி என்ன, ட்ரோன் கேமரா என்ன! தமிழ் தெரிந்த ஒரு ஆளைக் கூட்டிவர மட்டும் அந்தப் பெரிய மூளைகளுக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்க்க என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். அக்கா பிள்ளைகளோடு தனியாக மாட்டிக்கொண்டார்.

பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு அம்மாமார் வந்து பிள்ளைகளைத் தூக்கிய பிறகுதான் அவரால் ஓடிவர முடிந்தது. அதற்குள் பல் பார்க்கும் கதிரையை மடித்துவிட்டார்கள். பங்களாவில் லன்ச் ஆறிவிடுமாம். பெண்கள் எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குவார்கள் என்று யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்...

"வாயில புண்ணு சேர், ஒருக்கா பாருங்க" என்று சிங்களத்தில் கெஞ்சினேன். சங்கத் தலைவர் வாட்சைப் பார்த்தார். "நெக்ஸ்ட் டைம், நெக்ஸ்ட் டைம்."

போட்டோவுக்கு மட்டும் நேரம் இருந்தது. பிரஷ்ஷும் டொஃபியும் போட்ட பையைக் கையில் கொடுத்து அக்காவை முன்வரிசையில் நிறுத்தினார்கள். ஆமாம், பல் கேம்ப்பில் டொஃபி!

அக்கா வழக்கம்போல் சிரித்தார். கேமராக்காரர் முகத்தைச் சுளித்தார். வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொல் என்றார்.

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

திரும்பி நடக்கும்போது அக்கா பையைத் திறந்து பார்த்தார். "பல்லு சொத்தையாக டொபி, தேய்க்க பிரஸ்ஸு... நல்ல யாவாரம் புள்ள!" அதற்கும் அதே சிரிப்பு.

அந்த நெக்ஸ்ட் டைம் வரவே இல்லை. தலைவர் மாறிவிட்டாராம். புதுத் தலைவருக்கு மரம் நடுவதில்தான் ஆசையாம். அக்கா கடைசியில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனபோது புண் கன்னம் வரை வந்திருந்தது.

இப்போது பார்த்தால் அந்தச் சங்கத்துப் பேஜில் அதே போட்டோ. "எங்கள் புன்னகைத் திட்டத்தின் முகம்" என்று எழுதி, கீழே கும்பிடும் கை வேறு. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெட்கம் கெட்டவர்கள். கமென்ட்டில் ஆளுக்கு ஆள் இதயம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தயவுசெய்து அதை ஷேர் பண்ணாதீர்கள். நான் போட்டிருக்கும் இந்தப் படம் பிள்ளைக்காமராவில் எடுத்தது. பல்லெல்லாம் தெரிகிறது.

போயிட்டு வாங்கக்கா...