திருடன் பெயரைச் சொல்லாத கண்டக்டரம்மா

நோயாளியின் முழங்கைக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இரத்தம் ஓடும் அதிர்வைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவர் கேட்பார்: "எந்த அத்தியாயத்துல இருக்கீங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும். "குத்திட்டீங்களா?" என்று நாற்காலியில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது, அவர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருப்பார்.

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று முறை வந்து, ஆளுயர இயந்திரத்தோடு அரைநாள் கட்டுண்டு கிடந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் டயாலிசிஸ் கூடம் அது. அங்கே பகல் முறைக்கு அவர்தான் டெக்னீஷியன். ஐம்பதைத் தொடும் வயது, குள்ளமான உருவம், சத்தம் போடாத ரப்பர் செருப்பு. கூடத்தில் அவருக்குப் பெயர் கண்டக்டரம்மா. லாரி ஓட்டும் நோயாளி ஒருவர் வைத்த பெயர். "சீட் காலியா இருந்தா அவங்களுக்குப் பொறுக்காது. ஆளை ஏத்திட்டுத்தான் விசில் ஊதுவாங்க" என்பது லாரிக்காரரின் விளக்கம். புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி "மேடம்" என்று கூப்பிட்டபோது, "அப்படி இங்க யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

கூடத்தில் இருப்பது ஒரே ஒரு கதைப்புத்தகம். சிறுவர்களுக்கான துப்பறியும் நாவல். அக்கா மகள் வீடு மாறும்போது கழித்துப்போட்ட பெட்டியிலிருந்து அவர் எடுத்து வந்தது. மூன்று பிள்ளைகள், கைவிடப்பட்ட ஒரு கலங்கரை விளக்கம், காணாமல் போன ஒரு கப்பல் மணி. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்துத் தேய்த்த கதை. கண்டக்டரம்மா வாழ்க்கையில் முழுதாகப் படித்த புத்தகமும் அது ஒன்றுதான். அதைச் சொல்ல அவர் கூச்சப்படுவதில்லை. "ஒண்ணுன்னாலும் கடைசி வரைக்கும் படிச்சிருக்கேன்ல" என்பார்.

புத்தகம் ஒன்று, நாற்காலிகள் பல. அதனால் ஒருவர் ஒரு வருகைக்கு ஓர் அத்தியாயம்தான் படிக்கலாம். படித்ததும் அடுத்த நாற்காலிக்குப் போய்விடும். கூடத்தைத் தாண்டி வெளியே போகாது. ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது என்பதால், துணி காயப்போடும் கிளிப்பால் பக்கத்தைப் பிடித்துவைத்து மடியில் சாய்த்துக் கொடுப்பார். இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர் சரியான நேரத்துக்குப் பக்கத்தையும் புரட்டிவிட்டுப் போவார்.

திருடன் யார் என்று படித்தவர்கள் சொல்லக்கூடாது. ஒருமுறை கடைசிவரை படித்து முடித்த ரொட்டிக்கடைக்காரர், "எனக்கு அப்பவே தெரியும், அந்த..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாயில் கண்டக்டரம்மா தெர்மாமீட்டரைச் செருகிவிட்டார். காய்ச்சல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் காப்பாற்றிய ரகசியத்தை இங்கே உடைக்கவும் மனம் வரவில்லை.

கருத்துச் சொல்வதற்கு மட்டும் தடையில்லை. "மூணு பசங்க பொழுது சாய்ஞ்சப்புறம் படகெடுத்துட்டுப் போறாங்க. பெத்தவங்க ஒருத்தர் தேட வேணாமா?" என்பது ரொட்டிக்கடைக்காரரின் தீராத குறை. பக்கத்து நாற்காலியில் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. "பெத்தவங்க தேடினா கதை மூணாம் பக்கத்துல முடிஞ்சிடும்" என்று அவர் அடக்குவார். அவருடைய வருத்தம் வேறு. மூவரில் ஒருத்தியான சிறுமிக்குக் கதாசிரியர் விளக்குப் பிடிக்கிற வேலையைத்தான் கொடுத்திருக்கிறார். "அவ கையில பூதக்கண்ணாடியைக் குடுத்திருந்தா பாதிப் பக்கம் மிச்சம்." இந்த வாதம் சூடுபிடிக்கும்போது ஏதாவதொரு இயந்திரம் கூவும். கண்டக்டரம்மா போய் அதன் வாயை அடைத்துவிட்டு, "ம், மேல சொல்லுங்க" என்பார்.

லாரிக்காரர் முதலில் புத்தகத்தைத் தொடவே இல்லை. அவர் வருவதே சந்தேகம். லோடு கிடைத்தால் டயாலிசிஸுக்கு மட்டம் போட்டுவிடுவார். அடுத்த முறை கால் வீங்கி, மூச்சு இரைக்க, படுக்க முடியாமல் வந்து நிற்பார். டாக்டர் திட்டினார். மனைவி அழுதார். "வண்டி சர்வீஸை நாலு நாள் தள்ளிப் போடறதில்லையா?" என்று லாரிக்காரர் சிரித்தார். வண்டி நின்றால் தள்ளலாம், நீங்கள் நின்றால் யார் தள்ளுவது என்று கண்டக்டரம்மா கேட்டதற்கும் அதே சிரிப்புதான்.

ஒரு நாள் கண்டக்டரம்மா அவர் மடியில் முதல் பக்கத்தை விரித்துவைத்து, கிளிப்பையும் மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். "பசங்க படிக்கிறதை எங்கிட்ட குடுக்கிறீங்களே" என்றார் லாரிக்காரர். எடுத்து ஓரமாக வைக்க ஒரு கை சும்மாதான் இருந்தது. எடுக்கவில்லை. அடுத்த முறை அவராகவே கேட்டார். அதற்கடுத்த முறை, லாரித் துரத்தல் வரும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "அந்த வளைவுல எந்தக் கிறுக்கன் மூணாவது கியர் போடுவான்?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சண்டைக்கு வந்தார். அந்த அத்தியாயங்களை வீட்டில் மகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் பிள்ளைகள் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மாட்டிக்கொள்வார்கள். கீழே கதவை யாரோ பூட்டும் சத்தம். அத்தோடு நிற்கும். லாரிக்காரர் அதைப் படித்து முடித்ததும் கண்டக்டரம்மா கிளிப்பைக் கழற்றினார்.

"ஒரு லோடு வந்திருக்கு. தூரத்து ஓட்டம், அடுத்த முறை வர முடியாது. புக்கைக் குடுங்க, வழியில முடிச்சிடறேன்" என்றார் லாரிக்காரர்.

"புத்தகம் எங்கயும் வராது. நீங்கதான் வரணும்."

"சின்னப் பசங்க புக்குக்கு இவ்வளவு கெடுபிடியா?"

"ஆமா."

பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மேசையில் போட்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் போன பிறகு கண்டக்டரம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ரொம்பவும் இழுத்துப் பிடித்துவிட்டோமோ? கோபித்துக்கொண்டு போனவர் இனி வராமலே இருந்துவிட்டால்? புத்தகத்தைக் கொடுத்தே அனுப்பியிருக்கலாமோ?

அடுத்த முறை வந்தது. எல்லா நாற்காலியும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த நாற்காலியின் இயந்திரத்தில் குழாய்களை மாட்டி, காற்றை வெளியேற்றித் தயாராக வைத்திருந்தார் கண்டக்டரம்மா. "வரமாட்டார் போல, கழட்டிடுங்களேன்" என்றார் மேற்பார்வையாளர். "கொஞ்சம் பொறுங்க சார்." சற்று நேரம் கழித்து அவர் மறுபடி வந்தார். மறுபடி அதே பதில். தலைமையாசிரியையின் மடியில் புத்தகம் விரித்தபடி கிடந்தது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேர்க்க விறுவிறுக்க லாரிக்காரர் வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் மேடையில் ஏறி நின்றார்.

"ஏறியாச்சு. விசில் ஊதுங்க."

"லோடு?"

"மச்சான் எடுத்துட்டுப் போயிருக்கான்." குரலைத் தாழ்த்தினார். "எம் பொண்ணு விடமாட்டேங்கறா. 'அந்தப் பசங்க மேல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க, நீ பாட்டுக்குக் கெளம்பறியேப்பா'ன்னு கேக்கறா. நான் என்னத்தச் சொல்ல?"

கண்டக்டரம்மா எடையைப் பார்த்தார். உடம்பில் நீர் ஏறக்கூடிய அளவுக்கு மேல் ஒரு துளிகூட ஏறவில்லை. ஏற்கெனவே பளபளவென்று இருந்த இயந்திரத்தை, முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னொரு தரம் துடைத்தார்.

தலைமையாசிரியையின் மடியில் கிடந்த புத்தகம் லாரிக்காரரின் மடிக்கு மாறியது. கடைசி அத்தியாயத்தை முடித்து அவர் நிமிர்ந்தபோது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"கதை எழுதினவன் ஏமாத்திட்டான்" என்றார் லாரிக்காரர். "அந்த ஆளு மேல எனக்குச் சந்தேகமே வரல. ஆனா நல்லாத்தான் ஏமாத்தியிருக்கான்."

"அதைத்தான் நான் அன்னிக்கே..." என்று ஆரம்பித்த ரொட்டிக்கடைக்காரர், தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிறுத்தினார்.

அப்போது சுற்றிப் பார்க்க வந்த டாக்டர் லாரிக்காரரின் காலை அமுக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. "மூணு மாசமா நானும் சொல்றேன், கேக்கல. நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்யல டாக்டர்" என்றார் கண்டக்டரம்மா. சொல்லும்போது அந்தக் குள்ள உருவம் ஒரு பிடி உயர்ந்தது. "கதையைப் பாதியில நிறுத்தி வெச்சேன்."

இயந்திரம் நின்றது. அவர் ஊசிகளை உருவி, பஞ்சுத்துணியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தார். இரத்தம் நிற்கும்வரை விரலை எடுக்கக்கூடாது. லாரிக்காரர் மற்றக் கையைப் பைக்குள் விட்டு, கடைத்தாள் பிரிக்காத ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"அடுத்த பாகம். பின்னட்டையில போட்டிருந்தது. மூணு கடை ஏறி இறங்கினேன், அதான் லேட்டு. எங்கிட்ட இருந்தா ஒரே மூச்சுல முடிச்சிடுவேன். நீங்களே வெச்சுக்குங்க."

கையுறை போட்ட இரண்டு கைகளும் அவருடைய கையின் மேலேயே இருந்தன. கண்டக்டரம்மா இடது முழங்கையை மட்டும் விலாவிலிருந்து கொஞ்சம் தூக்கிக் காட்டினார். லாரிக்காரர் புத்தகத்தை அங்கே செருகியதும், அதை இறுக்கிக்கொண்டார்.