சாத்திய கதவுக்குள் இருந்த குளிசைப் போத்தல்

சில வருடங்களுக்கு முன், வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய எங்கள் பிளாட்டில் அப்பா இறந்த எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு நடந்தது. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது எங்கள் வழக்கம். நண்டுக் கறி, கூழ், சுருட்டு எல்லாம் வைத்த அம்மா, அப்பாவின் நெஞ்சு நோக் குளிசைப் போத்தலையும் இலையருகே வைத்தார். அங்கேயும் நோ வந்தால் அந்த மனுசன் என்ன செய்யும் என்று எங்களிடமே கேட்டார். நெஞ்சு வலித்தால் நாக்கின் கீழ் வைக்கிற மாத்திரை அது. எல்லாம் வாய்வுதான் என்று சாதித்த அப்பா, கடைசிவரை அந்தப் போத்தலைத் திறக்கவே இல்லை.

கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. கட்டடம் வழக்கம்போல அதிர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகு, உள்ளே ஏதோ மெல்ல உருண்டு வந்து கதவில் முட்டியது.

அப்போதுதான் எங்களோடு காத்திருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். முகமெல்லாம் வியர்வை. அவருக்கும் அப்பாவின் அதே நெஞ்சு வருத்தம், அதே குளிசை. சட்டைப் பையில் கடதாசியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நாக்கின் கீழ் வைத்தோம். நோ கொஞ்சமும் குறையவில்லை.

“அண்ணை கூப்பிடுறார், அண்ணி,” என்றார்.

அம்மா கதவடிக்கு ஓடினார். அப்பா சாப்பிட்டு முடிக்க முன்னம் திறக்கக் கூடாது என்று அவருடைய அக்கா மறித்தார். அம்மா அவரைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. போத்தல் நிலைப்படியில் கிடந்தது.

“அவர் கூப்பிடேல்லை, தம்பி. மருந்துதான் தந்து விட்டிருக்கிறார்,” என்று சொல்லி, போத்தலைத் திறந்து ஒரு குளிசையைச் சித்தப்பாவின் நாக்கின் கீழ் வைத்தார்.

இது நாக்கில் சுள்ளென்று எரிகிறது என்றார் சித்தப்பா. நோ மெல்ல இறங்கியது. அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களை அந்தக் குளிசை தளர்த்தி விரிக்கும், கடதாசியில் சுற்றி வைத்தால் வீரியம் போய்விடும், இறுக மூடிய போத்தலில்தான் நிற்கும் என்று டொக்டர் சொன்னார். போத்தல் உருண்டதற்கு ரயில்தான் காரணம் என்று நானும் சொல்லிக்கொள்கிறேன். சித்தப்பா பிழைத்துவிட்டார், அது பெரிய சந்தோஷம். ஆனால் தம்பியைக் காப்பாற்றிய மருந்தைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு அப்பா வாய்வு என்று சொல்லிச் சொல்லியே போய்விட்டாரே என்பதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.