அத்தை பாதியில் நிறுத்திய ஒப்பாரி

பாட்டுக்கு உணர்ச்சி பெரிதா, சொற்கட்டு பெரிதா என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியால் ஒரு உறவே அறுந்துபோனது.

காத்திவாக்கத்தில் எங்கள் அத்தையைப்போல் ஒப்பாரி பாட ஆள் கிடையாது. கல்மண்டபத்திலிருந்துகூட வந்து கூப்பிடுவார்கள். செத்தவன் யார், எப்படிச் செத்தான் என்று விசாரித்துக்கொண்டுதான் வாயைத் திறப்பாள். "நான் செத்தா நீதான் பாடணும் அண்ணி, இப்பவே வெத்தல வாங்கித் தந்துர்றேன்" என்று அம்மா கிண்டல் செய்வாள். "உன் வாய்க்குத் தனிப் பாட்டே கட்டணும்டி" என்பாள் அத்தை. அவ்வளவு ஒட்டுதல்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நைனா செத்தார். ஹார்பரில் கப்பலிலிருந்து இறக்கிய மூட்டை, கயிறு அறுந்து மேலே விழுந்தது. அத்தைக்கு அவர் ஒரே தம்பி.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு அழுதார்கள். அம்மாவுக்குப் பாட வராது. வார்த்தையே இல்லாமல் கத்தினாள். அத்தை அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் இழுத்தார்கள். எங்கள் குப்பத்தில் ஆம்பிளைகள் அநேகமாகக் கடலில்தான் சாவார்கள். அதனால் எங்கள் ஒப்பாரியில் கடலுக்குத்தான் திட்டு விழும். பழக்க தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "பாழாப் போன கடலே, எங்க ராசாவத் தின்னியே" என்று எடுத்துவிட்டாள்.

அத்தை சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏய், நிறுத்துடி. கடலு இன்னா பண்ணிச்சு? அவன் கடல்லயா செத்தான்? ஒழுங்கா பாடு, இல்லாங்காட்டி வாய மூடிகினு குந்து."

எல்லோரும் அடங்கிப்போனார்கள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, "கரைக்கு வாடா தம்பின்னு..." என்று புது அடி ஒன்றைத் தொடங்கினாள்.

அதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். "கேட்டீங்களா இவள! பொணம் கெடந்துகினு கீது, இவ பாட்டுல தப்பு புடிக்கிறா. உனுக்கு அழுவ வர்ல அண்ணி. பாட்டுதான் வருது. எழுந்து போ!"

அத்தை எழுந்து போனாள். அதன்பிறகு எந்தச் சாவிலும் அவள் பாடவில்லை. எவ்வளவு பேர் வந்து கெஞ்சினாலும் தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். "பாத்தியா, குட்டு ஒடஞ்சிப்போச்சு, அதான் அடங்கிட்டா" என்றாள் அம்மா. நானும் அதைத்தான் நம்பினேன். நெஞ்சு நிஜமாக எரிந்தால் எவளுக்காவது அடி தப்பியது காதில் விழுமா? அம்மாவின் கத்தல்தான் நிஜம், அத்தையுடையது வேஷம் என்று நினைத்தேன். இரண்டு பேரும் பேசாமலேயே செத்தும் போனார்கள்.

கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த நைனாவை, கடலில் அப்பனைப் பறிகொடுத்தது போதும் என்று நச்சரித்து, மேஸ்திரியின் காலில் விழுந்து ஹார்பர் வேலையில் சேர்த்தவள் அத்தைதான். இது ஊருக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அதற்காக அம்மா ஒருநாளும் அவளைக் குறை சொன்னதில்லை. அந்த நியாயம் அவளிடம் இருந்தது. பாட்டுக்காகத்தான் வெறுத்தாள்.

தம்பியைக் கொன்ற பழி கடலின்மேல் போவதை அத்தையால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பழி தன்னுடையது என்று சொல்லத்தான் அடியைத் திருத்தினாள். பாட்டில் தவிர வேறெப்படியும் அதைச் சொல்ல அவளுக்குத் தெரியாது. ஊர் முன்னால் அவள் வாயைத் திறந்த நேரத்தில் நாங்கள் அவளை எழுப்பி அனுப்பிவிட்டோம். அம்மா பக்கத்தில் நின்று, அத்தையின் கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.