குதிரை இல்லாமல் வந்த வண்டி

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா ஒருமுறை பெட்டி நிறைய படம் போட்ட விளையாட்டுக் கார்டு கொண்டுவந்தார். உள்ளே ஒட்டிய பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் பதினைந்து கார்டு. அரியது ஒன்று, நடுத்தரம் மூன்று, மீதி சாதாரணம். ஆளுக்கொரு பாக்கெட்டைப் பிரித்து, பிடித்த ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். தீரும்வரை அப்படியே சுற்றும். கையில் சேர்ந்ததை வைத்துத்தான் ஆட்டம்.

பெரியப்பா மகளான அக்கா, நான், என் தங்கை மூவரும் ஆலங்குடி வீட்டில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துத் தீர்த்தோம். பிறகு பாக்கெட்டை நாங்களே செய்ய வேண்டியதாயிற்று. பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர்களில் அக்கா எண்ணி நிரப்புவாள். ஆட்டம் முடிந்ததும் கார்டுகளைத் திரட்டி, என் நோட்டில் இருந்த பட்டியலின் வரிசைப்படி அடுக்குவது என் வேலை. கலைக்க மட்டும் யாருக்கும் அனுமதியில்லை, முனை மடங்கிவிடும். அக்கா கார்டுக் கட்டை ஒருமுறை வெட்டி, மேல்பாதியைக் கீழே வைப்பதோடு சரி.

அவள் கல்யாணமாகி தோஹாவுக்குப் போனபின் வெள்ளிக்கிழமை வீடியோ கால் ஐந்து நிமிடத்தில் வற்றத் தொடங்கியது. சாப்பாடு, வெயில், அவ்வளவுதான். நான் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். நோட்டில் இருந்த அந்தக் கார்டுப் பட்டியலை அப்படியே ஏற்றி, மூவரும் திரையிலேயே ஆடும்படி பாக்கெட் நிரப்பும் புரோகிராம் ஒன்று எழுதினேன். எந்தக் கார்டும் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆயிரம் பாக்கெட் பிரித்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அக்கா இரண்டு வாரம் விளையாடினாள். மூன்றாவது வாரம், “நீங்க ரெண்டு பேரும் ஆடுங்கடி. எனக்கு ஒட்டல” என்றாள். இதுவும் போனால் மறுபடி சாப்பாடும் வெயிலும்தான். என்ன குறை என்று விடாமல் கேட்டேன்.

“பாலம் வந்தா பின்னாடியே வெள்ளம் வரும்ல? இதுல எது எங்கிட்டு இருந்து வருதுன்னே தெரியல.”

“ஆயிரம் பாக்கெட் டெஸ்ட் பண்ணுனவளாம்” என்று பக்கத்தில் இருந்த தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாலம், வெள்ளம் எல்லாம் கார்டுகளின் ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாமல் படத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர்கள். என் பட்டியலில் பாலத்துக்கு அடுத்த வரி வெள்ளம். நான் வரிசையாக அடுக்கியதாலும் யாரும் கலைக்காததாலும் அடுத்தடுத்த கார்டுகள் பெரும்பாலும் ஒரே கவருக்குள் போயிருக்கின்றன. அது பிழை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எதை யார் எடுத்தார்கள் என்று ஒருவரையொருவர் கணித்ததே அந்தப் பிழையை வைத்துத்தான். பாலம் மட்டும் வந்தால் வெள்ளத்தை முன்னால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

புரோகிராமை மாற்றினேன். சாதாரணக் கார்டுகள் பழைய வரிசையிலேயே வரும். தொடங்கும் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். வேலையிடத்தில் யாராவது இப்படி எழுதினால் நானே திருப்பி அனுப்புவேன்.

அடுத்த வெள்ளி அக்காவைக் கெஞ்சி, ஒரே ஒரு ஆட்டம் என்று உட்கார வைத்தேன். மாற்றியதைச் சொல்லவில்லை. முதல் பாக்கெட்டில் ஒரு கார்டை எடுத்துவிட்டு அவளிடம் தள்ளினேன். திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“வண்டி மட்டும் வருது. குதிரைய நீதானடி எடுத்த?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. ஒனக்கு எப்பவும் குதிரைதான்.”

அவள் பக்கம் குக்கர் விசிலடித்தது. “வாரேன். யாரும் எதையும் தொடாதீங்க” என்று எழுந்து போனாள். நாற்காலியும் ஜன்னல் திரையும் மட்டும் தெரிந்தன. தங்கை அதற்குள் ஒரு கார்டை எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.